டிஸ்க்கில் கை வைக்காதே: ஒக்டோபர் குறிப்புகள்

2024 ஒக்டோபர் 14, திங்கள்

உவர்மலையில் இருந்து வணிகப் பாடம் படிப்பிக்கிற சேர் ஒருவர் என் கொம்பியூட்டர் திருத்துகிற கடைக்கு லப்டொப்போடு வந்தார். ஒரே மெஷினில் விண்டோஸும் உபுண்டு என்ற லினக்ஸும். உபுண்டுவில் டி டிரைவ் திறக்கிறது, பைல்களை வாசிக்கலாம், சேவ் பண்ணத்தான் விடுகிறதில்லை.

"டிஸ்க் பழுதாப் போச்சோ தம்பி? நான் விண்டோஸ ஒழுங்கா ஷட் டவுன் பண்ணித்தான் விட்டனான்."

டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் இருந்து 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று இருக்கிறது. அது ஓனாக இருந்தால், ஷட் டவுன் அழுத்தும்போது நாம் திறந்துவைத்த புரோகிராம்கள் மட்டும்தான் உண்மையில் மூடப்படும். விண்டோஸின் உள்மையமான கேர்னலும் டிரைவர்களும் ஹைபர்னேட் ஆகி, அதாவது ராமில் இருந்தபடியே டிஸ்க்கில் பதிவாகி, 'ஹைபர்ஃபில்.சிஸ்' என்ற பைலுக்குள் போய்ப் படுத்துவிடும். அதன் நினைவில் டி டிரைவ் இன்னும் திறந்தே கிடக்கிறது. உபுண்டு அந்த அடையாளத்தைக் கண்டுதான் 'வாசி, எழுதாதே' என்று நின்றிருக்கிறது. நல்ல பிள்ளை.

பவர் ஒப்ஷனில் அந்த டிக்கை எடுத்து, ஒருதரம் முழுதாக ஷட் டவுன் பண்ணினேன். சரி வந்தது. டிக்கை எடுக்க விருப்பமில்லாதவர்கள் ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுக்கலாம். ரீஸ்டார்ட் எப்போதும் முழுதாகவே மூடும். "கொம்பியூட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினன், சரிவரேல்ல, ரீஸ்டார்ட் பண்ணச் சரிவந்திட்டுது" என்று வருகிறவர்களை முந்தி நான் நம்புவதில்லை. அவர்கள் சொன்னது சரிதான்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

பின்னேரம் இடி மின்னல், கரண்ட் இல்லை. என்.சி. வீதி முழுக்க ஜெனரேட்டர் சத்தம். கடை லப்டொப் பற்றரியில் ஓட, சஸ்பென்ட் (ராமுக்கு மட்டும் கரண்ட் விட்டுத் தூங்கவைப்பது) கொடுத்து எழுப்பி, லினக்ஸ் கேர்னல் பதிவை வரிவரியாகப் பார்த்தேன்.

முதலில் பைல் சிஸ்டம் சிங்க்: ராமில் எழுதக் காத்திருப்பதெல்லாம் டிஸ்க்குக்குப் போகிறது. அடுத்து நம்முடைய புரோகிராம்கள் எல்லாம் உறைகின்றன. பிறகு கேர்னலின் சொந்த வேலைகளான கேர்னல் த்ரெட்களில் உறையக்கூடியவை. இந்த ஒழுங்கு முக்கியம். கேர்னல் பக்கம் முதலில் உறைந்தால், அதன் பதிலுக்காகக் காத்துநிற்கிற புரோகிராம் உறையவே முடியாமல் நிற்கும். கடைசியில்தான் டிவைஸ்கள். டிஸ்க்குக்கு இரண்டு கட்டளை: உன் கெஷில் (தற்காலிக நினைவில்) இருப்பதை எழுதி முடி, பிறகு நில். பழைய ஹாட் டிஸ்க் என்றால் அந்த இரண்டாவதைக் காதாலேயே கேட்கலாம். ஊசித்தலை ஒழுங்காக ஒதுங்கிய பிறகு சுழற்சி நிற்கும். கரண்ட் சடாரென்று போனால் தலை அவசரமாக ஒதுங்குகிறது. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 192ஆம் இலக்கம் பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான். திருகோணமலையில் யூ.பி.எஸ். இல்லாத டெஸ்க்டொப்களில் அதைப் பார்த்தால் கவலையாக இருக்கும்.

சிங்க்குக்கும் உறைதலுக்கும் இடையில் ஏதும் எழுதப்பட்டால் அது ராமில் நிற்கலாம். சஸ்பென்டில் ராமுக்குக் கரண்ட் இருப்பதால் பிரச்சினை இல்லை. பற்றரி செத்தால் அது போச்சு.

ஒக்டோபர் 17, வியாழன், போயா

கடை பூட்டு. வீட்டில், வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பெரிய வீடியோக்களைக் கொப்பி பண்ணவிட்டு, நடுவில் சஸ்பென்ட் கொடுத்தேன். படுக்கவில்லை. திரை கறுத்து, கொஞ்ச நேரத்தால் திரும்பி வந்தது. பதிவில்: ஒரு டாஸ்க் உறைய மறுத்தது. கேர்னல் வழமையாக 20 செக்கன் பார்க்கும், முடியாவிட்டால் எல்லாரையும் எழுப்பிவிடும்.

காரணம் பியூஸ், பைல் சிஸ்டத்தைக் கேர்னலுக்கு வெளியே நடத்தவிடும் ஏற்பாடு. அந்த டிஸ்க்கில் இருக்கிற விண்டோஸ் பைல் சிஸ்டமான என்.டி.எஃப்.எஸ். கேர்னலுக்குள் இல்லை, சாதாரண புரோகிராம் ஒன்றுதான் அதை நடத்துகிறது. அந்தப் புரோகிராம் முதலில் உறைந்துவிட்டால், அதன் பதிலுக்காகக் காத்திருக்கிற கொப்பி வேலை நடுவழியில் மாட்டிக்கொள்கிறது. லப்டொப் பைக்குள் போன பிறகும் சூடாக இருக்கிறது என்று யாரும் சொன்னால், வெளி டிஸ்க் ஏதும் செருகியிருந்ததா என்று கேட்பதும் இனி என் வழக்கம்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

சேர் வந்தார், பிளேன்டீ வாங்கித் தந்தார், கேள்வியும் கொண்டுவந்தார். ஹைபர்னேட்டில் ராமை டிஸ்க்கில்தானே எழுத வேண்டும்? டிஸ்க்கை நிறுத்திவிட்டு எப்படி எழுதுகிறது?

நல்ல கேள்வி. எல்லாரையும் உறையவைத்து, டிவைஸ்களை ஒரு கணம் நிறுத்தி, ராமின் பிரதியை ராமுக்குள்ளேயே எடுக்கிறது லினக்ஸ். பிறகு டிஸ்க்கைத் திரும்ப எழுப்பி அந்தப் பிரதியை ஸ்வாப்பில் (ராமுக்கு உதவியாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தில்) எழுதுகிறது. பிரதியை வைக்கவும் ராமில் இடம் வேண்டுமே. அதனால்தான் பிரதியின் அளவை ராமின் ஐந்தில் இரண்டுக்குள் அடக்கப் பார்க்கிறது. எழுதி முடிகிற வரைக்கும் புரோகிராம்கள் உறைந்தே இருக்கும். பிரதி எடுத்த பிறகு ஒரு பைல் மாறினாலும், பிரதியில் உள்ள பைல் சிஸ்டக் கணக்கும் டிஸ்க்கும் ஒத்துப்போகாது.

"ஸ்டொக் எடுக்கேக்க கடையைப் பூட்டுற மாதிரி," என்றார் சேர். "எண்ணி முடியுமட்டும் ஒரு பொருளும் உள்ள வராது, வெளிய போகாது."

அதேதான் சேர். இங்கே பிரதி இருக்கிறது என்று தெரிய, ஸ்வாப்பின் தலைப்பிலும் அடையாளத்தை மாற்றிவைக்கிறது. எழும்பும்போது அதைக் கண்டவுடனேயே, பிரதியை வாசிக்க முந்தி, பழைய அடையாளத்தைத் திரும்பப் போட்டுவிடும், இல்லாவிட்டால் அடுத்தமுறையும் அந்தப் பழைய பிரதியையே எழுப்பப் பார்க்கும்.

"அப்ப ஹைபர்னேட்டில கிடக்கிற டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷினில போட்டு, சும்மா வாசிச்சா?"

வாசிக்க மட்டும் என்று மவுன்ட் பண்ணினாலும் லினக்ஸ் பைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 தன் ஜேர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை) திரும்ப ஓட்டும், அதுவே டிஸ்க்கில் எழுதுவதுதான். டிஸ்க்கைத் தனியாகக் கொண்டுவர வேண்டாம், மெஷினோடு கொண்டுவாருங்கள் என்றேன். பைக்கில் மழைக்குள் எப்படி என்று கேட்டார். பொலித்தீன் பை ஒன்று கொடுத்து அனுப்பினேன்.