அது குறட்டை இல்லை

அப்பா இறந்தது 2015இல், சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டு ஹாலில், சாய்வு நாற்காலியில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்தபடியே கண்ணை மூடினார். சற்று நேரத்தில் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. நின்றது. கொஞ்சம் விட்டு மறுபடி வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அசந்து தூங்குறாரு, சத்தம் போடாதே" என்றார். நான் டிவியின் ஒலியைக்கூடக் குறைத்தேன். அந்தச் சத்தம் அடங்கியபோது, நல்ல தூக்கம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியவந்தது நான்கு வருடம் கழித்து, ஒரு வகுப்பறையில். ஏதோ சேவை மனப்பான்மையில் போய்ச் சேர்ந்தேன் என்று நினைக்க வேண்டாம். வேலையிடத்தில் முதலுதவி தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமென்றார்கள். மற்றவர்கள் நழுவிக்கொள்ள, பெயர் என் தலையில் விழுந்தது. நெஞ்சழுத்தமும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியும் சேர்ந்த ஒருநாள் பயிற்சி. பயிற்சியாளர் ஒரு காணொளி போட்டார். தரையில் ஒருவர் கிடக்கிறார். வாய் கரையில் போட்ட மீன்போலத் திறந்து மூடுகிறது. அதே கரகரப்பு. "இவர் மூச்சு விடுகிறாரா?" என்று கேட்டார். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு இப்படி இழுக்கும், இதை மூச்சாகக் கணக்கில் எடுக்கவே கூடாது, கூப்பிட்டும் தட்டியும் அசையவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் உடனே அழுத்தத் தொடங்க வேண்டும் என்றார். அன்று வீட்டுக்குப் போய், வகுப்பு நன்றாக இருந்தது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் 'மாரடைப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எவ்வளவு குழப்பம் என்பதும் அங்கேதான் புரிந்தது. மாரடைப்பில் அடைபடுவது இரத்தக் குழாய். ஆள் வலியோடு நம்மிடம் பேசிக்கொண்டுகூட இருப்பார். திடீரென்று துடிப்பு நின்றுபோவது வேறு. இதயத்தை இயக்கும் மின்னோட்டம் தாறுமாறாகி, அது துடிக்காமல் சும்மா நடுங்கும். மூளைக்கு இரத்தம் ஏறாது. ஆள் நொடிகளில் சாய்ந்துவிடுவார். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. ஏஇடி கொடுக்கும் அதிர்ச்சி அந்த நடுக்கத்தை ஒரேயடியாக அடக்கி, இதயம் தன் தாளத்தைத் தானே பிடிக்க இடம் கொடுக்கிறது. ஒன்றுமே செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்றார்கள். நான் டிவியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நிமிடங்களை எண்ணிப் பார்த்தேன்.

பயிற்சிப் பொம்மையின் முகம் விசித்திரமாக, ஏதோ நல்ல கனவு காண்பதுபோல இருந்தது. பாரிஸில் சென் நதியில் கிடைத்த, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் முகம் என்று சொல்லப்படும் அச்சைப் பார்த்து 1960இல் நார்வேயைச் சேர்ந்த பொம்மை உற்பத்தியாளர் ஒருவர் செய்தாராம். அந்த முகத்துக்கு மேலே குனிந்து முட்டிபோட்டுக்கொண்டு அழுத்த வேண்டும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி, 4 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேலே எழும்ப விட வேண்டும்.

என் முதல் சோதனை தோல்வி. முழங்கை மடங்கியது ஒரு காரணம். இன்னொன்று, நான் மனசுக்குள் தமிழில் எண்ணினேன். பத்து வரை ஓடும். அப்புறம் பதினெட்டு, இருபத்தேழு என்று சொற்கள் நீள நீளக் கையும் மெதுவாகிவிட்டது! 'ஒன்று' முதல் 'பத்து' வரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோதுதான் தாளம் பிடித்தது. இரண்டாம் தடவை தேறினேன். சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு.

வகுப்பில் ஓர் அக்கா, தாலி போட்டிருக்கும் பெண்ணென்றால் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது மிக நல்ல கேள்வியாகப் பட்டது. கழற்ற வேண்டாம், அதிர்ச்சியைக் கடத்த நெஞ்சில் ஒட்டும் மின்பட்டையின் இடத்தில் உலோகம் கிடக்காமல் தோள் பக்கம் ஒதுக்கினால் போதும் என்றார் பயிற்சியாளர். ரவிக்கையையோ மற்ற உள்ளாடையையோ கத்தரிக்கோலால் வெட்டத் தயங்கக் கூடாது. ஏஇடி பெட்டிக்குள்ளேயே கத்தரிக்கோல் இருக்கும்.

அன்று இரவே மைரெஸ்பாண்டர் செயலியைக் கைப்பேசியில் போட்டேன். அதைச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை 2015இல் தொடங்கியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் எண்ணான 995க்கு அழைப்பு வந்து, இதயம் நின்ற சம்பவமாகத் தெரிந்தால், 400 மீட்டர் சுற்றளவில் இருப்பவர்களின் கைப்பேசி அலறும். இதில் சேரச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. பக்கத்தில் ஏஇடி எங்கே என்பதையும் காட்டும். எங்களுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அடுத்த புளோக்கின் மின்தூக்கி முன்கூடத்தில். எத்தனையோ வருடம் அதைக் கடந்துதான் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன். பார்த்ததே இல்லை. எப்போதும் அதன் முன்னால் யாருடைய சைக்கிளோ சாய்ந்திருக்கும்.

ஒன்றரை வருடம் கைப்பேசி அலறவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு, தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது அலறியது. எங்களுக்கு மூன்றாவது புளோக். மகனிடம், "நீ ஏஇடியை எடுத்துக்கிட்டு வா" என்று புளோக் எண்ணைச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். அவனுக்கு அப்போது பதினாறு வயது. என்னைவிட வேகமாக ஓடுவான். இந்த வேலைப்பிரிவினை அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். கல்லை யார் அணைத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

பன்னிரண்டாம் மாடி. மின்தூக்கி ஐந்தில் நின்றது. ஒரு பாட்டி மெதுவாக ஏறினார். எட்டில் நின்றது, யாரும் இல்லை. அவ்வளவு நேரமாக எந்த மின்தூக்கியிலும் நான் இருந்ததில்லை.

கதவு திறந்தே கிடந்தது. படுக்கையறையில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர், கைலியோடு, வெற்றுடம்பாகக் கட்டிலில். வாய் மீன்போலத் திறந்து மூடியது. கரகரப்பு. அவருடைய மகன் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மெத்தைமேலேயே அழுத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் 995இலிருந்து ஒரு பெண் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார். மெத்தை அமுங்குமே தவிர நெஞ்சு அமுங்காது. "தரைக்கு எறக்குவோம், நீங்க காலைப் பிடிங்க" என்றேன். இறக்கினோம். நான் முட்டிபோட்டேன்.

"மூச்சு விடுறாரே தம்பி, ஏன் இப்படிப் போட்டு அமுக்குறீங்க?" என்றார் அங்கே நின்ற அந்த வீட்டு அம்மா. எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து கேட்ட குரல் மாதிரியே இருந்தது. பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. ஆறாவதோ ஏழாவதோ அழுத்தத்தில் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ முறிந்தது, முருங்கைக்காயை ஒடிப்பதுபோல. விலா எலும்பு ஒடியலாம், நிறுத்தாதே என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சொன்னதைக் கேட்பது வேறு, கையால் உணர்வது வேறு.

என் மகன் ஏஇடி பெட்டியோடு வந்துவிட்டான். மூடியைத் திறந்து கருவியை முடுக்கியதும் அது ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தது. மின்பட்டைகளை உரித்தான். வலது காரை எலும்புக்குக் கீழே ஒன்று. இடது அக்குளுக்குக் கீழே, விலாப் பக்கம் ஒன்று. முதலாவது ஒட்டவே இல்லை, வழுக்கியது. குனிந்தபோதுதான் வாடை வந்தது. கோடாலித் தைலம்! மத்தியானத்திலிருந்து நெஞ்சு கரிக்கிறது என்றாராம். வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்து, நெஞ்சு முழுக்கத் தைலம் தேய்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்திருப்போம். பெட்டிக்குள் இருந்த சின்னத் துண்டு போதவில்லை. கதவில் தொங்கிய தேங்காய்ப்பூத் துண்டை இழுத்து அழுத்தித் துடைத்தான். அதற்குள் நான் நிறுத்தாமல் அழுத்த வேண்டும், அவன் என் கைக்கு இடையில் துடைக்க வேண்டும். முடியும் நிறைய. நெஞ்சைச் சிரைக்கச் சவரக்கத்தியும் பெட்டியில் உண்டு. ஆனால் துடைத்ததுமே பட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டதால் அதற்கு வேலை வரவில்லை.

கருவி இதயத் துடிப்பை ஆராயும்போது யாரும் தொடக் கூடாது. அந்த நேரம் பார்த்து அந்த அம்மா ஒரு கரண்டியில் தண்ணீரோடு குனிந்தார், வாயில் விட. போகிற உயிருக்கு ஒரு வாய் தண்ணீர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "அம்மா, வேணாம், தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். பெரியவரின் கையைப் பிடித்திருந்த மகனையும் சேர்த்துத்தான். அவ்வளவு சத்தமாக நான் பெரியவர்களிடம் பேசியதே இல்லை. 'ஷாக் அட்வைஸ்ட்' என்றது கருவி. எல்லாரும் விலகியிருக்கிறார்களா என்று தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு மின்னிய பொத்தானை அமுக்கினேன். உடல் ஒருமுறை வெட்டி அடங்கியது. டிவியில் காட்டுவதுபோல யாரும் எழுந்து உட்காரவில்லை. உடனே மறுபடி அழுத்து என்பதுதான் பாடம். அழுத்தினேன்.

இரண்டு நிமிடம் கழித்து அது மறுபடி ஆராய்ந்து, 'நோ ஷாக் அட்வைஸ்ட்' என்றது. அறை முழுக்க அமைதி. "அப்படின்னா முடிஞ்சு போச்சா?" என்றார் மகன். இல்லை. அதிர்ச்சி கொடுத்துச் சரியாகக்கூடிய துடிப்பு இப்போது தெரியவில்லை என்று மட்டும்தான் அதற்குப் பொருள். துடிப்பு திரும்பியிருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆள் அசைந்து சீராக மூச்சு விடாதவரை அழுத்துவதுதான் வேலை. என் தோள் விட்டுப்போயிருந்ததால் அவரை என் இடத்துக்கு மாற்றினேன். பத்து வரை எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். அவர் அழுதுகொண்டே எண்ணினார், ஆனால் சரியான ஆழத்துக்கு அழுத்தினார்.

துணைமருத்துவர்கள் உள்ளே நுழைந்ததும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பட்டைகளை உரிக்காமல் விட்டிருந்தோம். எத்தனை அதிர்ச்சி, எப்போது என்று மட்டும் கேட்டார்கள். ஒன்று, சுமார் நான்கு நிமிடத்துக்கு முன்னால் என்றேன். நெஞ்சைத் தானாக அழுத்தும் கருவியை மாட்டி, தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். கீழே வந்து, புளோக்கின் தரைத்தளத்துத் திறந்தவெளியான வாய்ட் டெக்கின் கல் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் கை நடுங்க ஆரம்பித்தது. என் மகன் ஒன்றும் பேசாமல் போய் இரண்டு தே ஓ, பாலில்லாத டீ, வாங்கிவந்தான். அவன் கையெல்லாம் தைல வாடை.

அதன் பிறகு ஒரு தடவை கைப்பேசி அலறியது. நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலையே இல்லையோ என்று நினைத்து, கீழே போய் ஆம்புலன்ஸ் வரும்வரை மின்தூக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் மாடியில் ஏறிய பாட்டி ஞாபகத்துக்கு வந்தார். அன்று விழுந்து கிடந்த அம்மா பிழைக்கவில்லை என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

பெரியவர் வீட்டுக்கு வந்தது ஒன்றரை மாதம் கழித்து. காரை எலும்புக்குக் கீழே தோலுக்குள் சின்னதாக ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்குமாம். போன மாதம் மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். மீன்கடை முன்னால், எல்லார் காதிலும் விழும்படி, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "தும்மினா இன்னும் வலிக்குதுப்பா. விலாவை ஒடிச்சது நீதானாமே?" என்றார். அப்புறம் என் பையில் அரைக் கிலோ நெத்திலியைப் போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.