தாம்பூலப் பையில் ஒரு வார்டு வரைபடம்

மதுரை வரைபடம் அச்சிட்ட போஸ்டர், காபி கப், நோட்டு அட்டை எல்லாம் இப்போது நிறைய வருகிறது. ஊரின் அமைப்பு அப்படி: நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரம். யார் அச்சிட்டாலும் அழகாகத்தான் இருக்கும், விற்கவும் விற்கும். ஆனால் அதை வாங்கிச் சுவரில் மாட்டியதால் தெருப் பிரச்சினைக்காக ஒரு மனு எழுதினேன் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் அவர் வீடு இருக்காது. 2011இல் மாநகராட்சியை விரித்தபோது 72 வார்டு 100 ஆனது. நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது அந்தச் சதுரங்களைத் தாண்டி, ஆனையூர், திருப்பாலை, வில்லாபுரம், அவனியாபுரம் பக்கம்.

நான் டிசைன் வேலை செய்கிறவன். ஜனங்களை ஊர் விஷயம் பேச வைக்க வரைபடத்தைப் போல ஒரு பொருள் கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு மூன்று விஷயம் வேண்டும்: தினமும் கையில் புழங்க வேண்டும், ஒரு வார்டு அளவில் இருக்க வேண்டும், பார்க்கிறவர் "இது தப்பு" என்று விரல் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்.

எங்கள் பக்கம் செல்லூர். 2024 அக்டோபர் மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்கப்புறம் செல்லூர்க் கண்மாயின் உபரிநீரை வைகைக்குக் கொண்டுபோக 290 மீட்டருக்குச் சிமென்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் என்று அறிவிப்பு வந்தது, பேப்பரில் எல்லோரும் படித்தோம். சரி, அந்த 290 மீட்டர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? தெருவில் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். பந்தல்குடி வாய்க்காலைத் தினமும் வண்டியில் தாண்டிப் போகிறவர்களில் பலர், அது கண்மாயிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் போகிற வழி என்பதே தெரியாமல் சாக்கடை என்றுதான் சொல்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றைப் பற்றி யார் போய்க் கேள்வி கேட்பார்கள்?

அதனால்தான் தாம்பூலப் பையைப் பிடித்தேன். கல்யாணத்தில் கொடுக்கிற மஞ்சப்பையில் ஒரு பக்கம் பிள்ளையார், மணமக்கள் பெயர், மண்டபம், தேதி. மறுபக்கம் பெரும்பாலும் காலி. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியபோதே இது மனதில் இருந்தது. அந்தப் பை ரேஷன் கடை, காய்கறி மார்க்கெட், டவுன் பஸ் என்று வருடக்கணக்கில் அலையும், எந்த போஸ்டரும் அத்தனை பேர் கண்ணில் படாது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அந்த மறுபக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

துணியில் வரைபடம் அடிப்பது தனி வேலை. காடாத் துணியில் மெல்லிய கோடு நிற்காது, மை பரவி இரண்டு சந்து ஒன்றாகிவிடும். வாய்க்காலை நீலத்தில் காட்டலாமா என்று ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணனிடம் கேட்டேன். "மஞ்சத் துணியில நீலம் அடிச்சா பச்சையாத்தான் தெரியும் தம்பி, வயக்காடுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். அரக்கு நிறத்தில் ஒரே ஸ்கிரீனாக முடித்தோம். சந்துகளில் பாதியை எடுத்துவிட்டு, கண்மாய்க் கரை, மடை, கலுங்கு, வாய்க்கால், பாலம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை மட்டும் வைத்தேன். தெருக் கோடுகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எடுத்தது. 2004இல் ஆரம்பித்த அந்த வரைபடத்தை யாரும் திருத்தலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம், ஆனால் அவர்கள் பெயரைப் போட்டாக வேண்டும், போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். 1748இல் ரோம் நகரத்தை வரைந்த நோல்லி, தேவாலயங்களின் உள்பக்கத்தையும் தெருவைப் போலவே வெள்ளையாக விட்டிருப்பார், யாரும் நுழையக்கூடிய இடம் எல்லாம் ஒரே வெள்ளை. அதே மாதிரி, காசு கொடுக்காமல் யாரும் போய் உட்காரக்கூடிய இடங்களை வெறும் மஞ்சளாக விட்டேன். எங்கள் வார்டில் அந்த மஞ்சள் எவ்வளவு குறைவு என்று அடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, மனசு கனத்துவிட்டது.

பந்திக்குக் காத்திருக்கும்போதே வேலை ஆரம்பித்துவிட்டது. மடியில் பையை விரித்து வைத்திருந்த ஒரு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்த வாய்க்கா இப்படித் திரும்பாதுப்பா. எங்க வீட்டுக் கொல்லைக்குப் பின்னாடி போயி, அங்கிட்டு ஒரு கல்பாலம் இருந்துச்சு, அதுக்குக் கீழ எறங்கும். ரோடு போட்டப்ப மூடிட்டாக" என்றார். பக்கத்தில் இருந்த மாமா ஒத்துக்கொள்ளவில்லை, கல்பாலம் இன்னும் கிழக்கே என்றார். மொய் எழுதுகிற மேசையிலிருந்து பேனா வாங்கி வந்து இருவரும் பையின் மேலேயே போட்டுக் காட்ட, சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது, யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது, அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பேச்சு சாப்பாடு முடிந்தும் ஓடியது. வாய்க்காலைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம் வாருங்கள் என்று நோட்டீஸ் அடித்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்!

2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் நகரங்களிலும் ஏரியா சபை நடத்த ஆரம்பித்தார்கள், கிராமசபை மாதிரி. தேதி வருவதும் போவதும் தெரிவதில்லை என்பது வேறு கதை. எங்கள் ஏரியா சபைக்கு இந்த முறை சிலர் பையோடு வந்தார்கள். "சாக்கடை அள்ளவில்லை" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மேசையில் பையை விரித்து, இந்த இடத்தில் கல்பாலம் இருந்தது, இப்போது தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டார்கள். அதிகாரி சர்வே எண் கேட்டார். நியாயமான கேள்விதான், துணியில் பேனாவால் போட்ட கோட்டை வைத்து அளக்க முடியாது.

இப்போது கிராம வரைபடத்தையும் எஃப்எம்பி ஸ்கெட்சையும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவு வரைபடம்) எடுத்து, பெரியம்மா சொன்ன கோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த பையில், இப்போது இருக்கிற வாய்க்கால் முழுக்கோடாகவும், மூடிப்போனது சுங்குடிப் புள்ளிகளாகவும் வரும். செல்லூர்ப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் தாய்ப்பத்திரத்தில் செக்குபந்தி எழுதியிருக்கிற பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லையில் எங்காவது 'வாய்க்காலுக்குத் தெற்கு', 'வாய்க்காலுக்கு மேற்கு' என்று இருந்தால், அந்த வரியையும் சர்வே எண்ணையும் மட்டும் எனக்கு அனுப்புங்கள், பெயரோ விலையோ வேண்டாம்.