கேட் தேர்வும் நான் சொல்லாமல் வைத்திருந்த பதிலும்

ஈ.சி.இ. என்னும் எலெக்ட்ரானிக்ஸ் பொறியியலில் மூன்றாம் வருடம். எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வை எழுதுவது என்று நான் முடிவெடுத்த அதே மாதத்தில்தான் அவன் வந்து என்னைக் காதலிப்பதாகச் சொன்னான். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிட்டியா என்று கேட்பானே, அதே குரலில். நான் "பார்க்கலாம்" என்றேன். கோட்டை விட்டது அங்கேதான்.

பிடிக்காமல் இல்லை. வீட்டுக்குத் தெரிந்தால் அடுத்த வாரமே ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். எனக்கோ எம்.டெக். படிக்க வேண்டும். கேட் வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம்.

காதல் வந்தால் படிப்பு கெடும் என்பார்கள். அவன் என் நேரத்தைக் கேட்கவே இல்லை. பழைய வினாத்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து, பாடவாரியாகப் பிரித்து, ஸ்பைரல் போட்டு நூலக மேஜையில் வைத்துவிட்டுப் போவான். நான்தான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நன்றி சொன்னால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வானோ, சொல்லாவிட்டால் திமிர் என்பானோ? பாடத்தில் வரும் லாப்லாஸ் கணக்குகளுக்குச் செலவழித்ததைவிட இந்தக் கணக்குக்குத்தான் அதிக நேரம் போனது.

அக்டோபரில் ஒரு மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு. முந்தைய இரவு "ஏதாவது ஒண்ணு சொல்லேன்" என்று மெசேஜ் வந்தது. கோபத்தில் பிளாக் செய்துவிட்டு விடிய விடிய விழித்திருந்தேன். மறுநாள் இரண்டு மதிப்பெண் கேள்விகள் ஒன்பதுக்குக் குத்துமதிப்பாக விடை போட்டேன். ஒன்பதும் தப்பு. ஒவ்வொரு தப்பு விடைக்கும் மூன்றில் இரண்டு மதிப்பெண் கழிப்பார்கள்; அப்படிக் கையில் இருந்த ஆறு மதிப்பெண்ணும் போச்சு.

அன்று சாயங்காலம் கேன்டீனில் நானே போய்ச் சொன்னேன். "பிப்ரவரியில பரீட்சை முடியற வரைக்கும் எங்கிட்ட பதில் இல்லடா. அப்புறமும் ஆமான்னுதான் சொல்லுவேன்னு வாக்கு குடுக்க முடியாது. நீ காத்திருக்கணும்னும் இல்ல."

டீயை ஆற்றிக்கொண்டே, "சரி. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் முடிச்சிட்டியா?" என்றான். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

இதே நிலையில் இருக்கும் தங்கைகளே, தேதி போட்டுச் சொல்லிவிடுங்கள். தம்பிகளே, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தது கடன் இல்லை, வட்டியோடு திருப்பிக் கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு படிப்பு நேராகப் போனது. 65 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். பொதுத் திறனுக்கு உள்ள 15 மதிப்பெண்ணை அலட்சியமாக விட்டுவிட்டு நெட்வொர்க்ஸ் பாடத்தில் முட்டி மோதுபவர்கள் நிறையப் பேர். நானும் டிசம்பர் வரை அப்படித்தான். எண்ணை நாமே உள்ளிடும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது, அவற்றை வெறுமனே விடாதீர்கள். சொந்தக் கால்குலேட்டருக்கும் அனுமதி இல்லை. திரையில் வரும் கால்குலேட்டரில் மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். வீட்டிலேயே அதில் பழகாவிட்டால் பரீட்சையில் கை தடுமாறும்.

மதுரையில் மையம். மதியத் தேர்வு முடிந்து ஐந்தரைக்கு மேல் வெளியே வந்தேன். எதிரே ஜிகர்தண்டா கடையில் நின்றிருந்தான். "கால்குலேட்டர் ஒழுங்கா வேலை செஞ்சுதா?" என்று கேட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை. பேச்சை நான்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.