சுவருக்கு நிறம் கடைசியில்தான்

ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்று பேச்சு எடுத்த அன்றைக்கே வீட்டில் எல்லோரும் ஷேட் கார்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை சந்தன நிறத்தில் விரலை வைத்தார், மகள் போனில் ஏதோ ஒரு சாம்பல் நிறத்தைக் காட்டினாள், கணவர் "எதுவா இருந்தாலும் சரி, சீக்கிரம் முடிஞ்சா போதும்" என்றார். நான் அந்தக் கார்டை வாங்கிப் பரணில் போட்டுவிட்டேன். ஹாலும் டைனிங்கும் சேர்ந்த இடத்தைப் புதுப்பிப்பதில் சுவரின் நிறம்தான் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது என்பது என் கட்சி. காரணம் ரொம்பச் சாதாரணம். பெயிண்ட் கடையில் இருக்கும் டின்டிங் மெஷினில் ஆயிரக்கணக்கான நிறங்களைக் கலக்கலாம், பல கடைகளில் ஒரு துணித் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால்கூட அதற்கு நெருக்கமான நிறத்தைக் கலந்து தருகிறார்கள். ஆனால் தரை டைல்ஸ், சோபாத் துணி, திரைச்சீலை எல்லாம் அப்படி இல்லை, கடையில் இருக்கும் பத்துப் பதினைந்தில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். முதலில் சுவரை அடித்து முடித்துவிட்டு அதற்குப் பொருந்துகிற சோபாவைத் தேடி ஊரெல்லாம் அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தரை. அதை மாற்றப் போவதில்லை என்றால் அதுதான் எஜமான், மற்றதெல்லாம் அதற்கு அடங்கித்தான் நடக்க வேண்டும். எங்களுடையது சென்னையில் ஒரு பழைய அபார்ட்மெண்ட், தரையில் இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைட் டைல்ஸ், நிறம் என்ன என்று கேட்டால் ஐவரி என்பார்கள். இந்த ஐவரி ஒரே நிறம் கிடையாது. ஒன்றில் மஞ்சள் ஒளிந்திருக்கும், இன்னொன்றில் ரோஸ், சிலவற்றில் லேசாகச் சாம்பல். கண்டுபிடிக்க, ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், தாளுக்குப் பக்கத்தில் டைல்ஸ் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். மஞ்சள் ஓடும் டைல்ஸுக்கு மேலே சுத்த வெள்ளைச் சுவர் வந்தால், எவ்வளவு துடைத்தாலும் தரை அழுக்காகவே தெரியும். "வெள்ளை எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று சொல்கிறவர்கள் இந்தத் தரையைப் பார்த்ததில்லை.

ரெட் ஆக்சைடு தரையோ ஆத்தங்குடிக் கல்லோ வைத்திருக்கிற புண்ணியவான்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடித் தகட்டின் மேல் ஆக்சைடு கலந்த சிமெண்டை ஊற்றி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சிவப்பும் பச்சையும் ஆழமாக இருக்கும், ஆனால் கண்ணில் குத்தாது. அவ்வளவு கோலமும் தரையில் இருக்கும்போது சுவர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அழகு. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த வழவழப்பான வெள்ளைச் சுவர்கள் சரியாக அதைத்தான் செய்கின்றன.

தரைக்கு அடுத்து பல்பு. ஆமாம், பெயிண்டுக்கு முன்னால் பல்பு. எல்.இ.டி. பல்பு அட்டையில் ஒரு எண் போட்டிருக்கும், 3000, 4000, 6500 என்று, அது கெல்வின் கணக்கில் ஒளியின் நிறம். எண் குறையக் குறைய மஞ்சள், ஏற ஏற நீலம். நம் வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது 6500, அந்தக் காலத்து டியூப்லைட் பழக்கம். கடையில் அவ்வளவு இதமாகத் தெரிந்த ஒரு பழுப்பு நிறத்தைச் சுவரில் அடித்துவிட்டு ராத்திரி 6500 விளக்கைப் போட்டால் அதிலிருந்த சூடெல்லாம் வடிந்து, சோகை பிடித்த ஒரு நிறம் பாக்கி நிற்கும். என் மகள் காட்டிய சாம்பல் அந்த வெளிச்சத்தில் பூச்சு வேலையோடு நிறுத்திவிட்ட சிமெண்ட் சுவர் மாதிரி இருந்தது. சாம்பல்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை, விளக்கை மாற்றத் தயாராக இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது, அவ்வளவுதான்.

விளக்கை மாற்றுவதில் அத்தையோடு ஒரு சின்னப் போராட்டமே நடந்தது. "மஞ்ச லைட்டு போட்டா வீடு அழுது வடியும்மா, வோல்டேஜ் கம்மியா இருக்கற மாதிரி" என்றார். குண்டு பல்பு மினுக்மினுக்கென்று எரிந்த காலத்தைப் பார்த்தவர், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் ஹாலுக்கு 4000, சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் 3000 என்று சமாதானம் ஆனோம். மேஜைக்கு வாங்கும்போது சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள், அது 90க்கு மேல் இருந்தால் பொருட்களின் நிறம் உள்ளபடி தெரியும். இப்போது சாம்பார் சாம்பாராகத் தெரிகிறது. இந்த ஒரு மாற்றத்தைப் பற்றி மட்டும் அத்தை தாமாகவே பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னார்.

சாப்பாட்டு மேஜைக்கு மேல் தொங்கும் விளக்கு ஒரு தனிக் கதை. பத்திரிகைப் படங்களில் மேஜையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் அழகாகத் தொங்கும். அந்தப் படங்களில் ஃபேன் இருக்காது. சென்னை மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் யார் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடுவது? ஃபேனுக்கு மேலே சீலிங்கில் விளக்கு வைத்தால் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டி மேஜை முழுக்க நிழல் துடிக்கும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். நாங்கள் மேஜையின் ஒரு பக்கத்தைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, விளக்கை அந்தச் சுவர்ப் பக்கமாக, இறக்கை வீச்சுக்கு வெளியே இறக்கினோம். நாற்காலிக்குப் பின்னால் ஆள் நடக்க மூன்று அடி இடமும் கிடைத்தது. ஆறு பேர் மேஜைக்குப் பதிலாக நான்கு பேர் மேஜை போதும் என்றும் முடிவு செய்தோம். உண்மையைச் சொன்னால் வாரத்தில் பாதி நாள் எல்லோரும் டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறோம், மேஜை மருந்து டப்பாவுக்கும் நியூஸ்பேப்பருக்கும்தான்.

பகல் வெளிச்சத்துக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் வீட்டு அலங்கார யோசனைகளில் பெரும்பகுதி குளிர் நாடுகளுக்கு எழுதப்பட்டவை. வடக்கு பார்த்த அறைக்கு வெயில் வராது, அதனால் சூடான நிறம் அடியுங்கள் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது, வடக்கு ஜன்னலுக்கு வெளிச்சப் பஞ்சமே இல்லை. நமக்குப் பிரச்சினை வெளிச்சம் குறைவது அல்ல, கூசுவதுதான். எங்கள் ஹால் ஜன்னல் மேற்கு. மாலை நான்கு மணிக்கு உள்ளே வரும் வெயில் எந்த நிறத்தையும் ஆரஞ்சில் தோய்த்து எடுத்துவிடும். அந்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாம்பழ மஞ்சளை நினைத்துப் பாருங்கள், சாயங்காலம் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டுதான் காபி குடிக்க வேண்டும்.

துணி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு வெளியே தேட அவசியமே இல்லை, கரூரிலிருந்து திரைச்சீலையும் மேஜை விரிப்பும் உலகமெல்லாம் ஏற்றுமதி ஆகின்றன, சென்னிமலைக் கைத்தறிப் போர்வையை அப்படியே திவான் விரிப்பாகப் போடலாம், பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அகலப் பட்டைகளில் சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடும் ஒரு ஜமக்காளத்தை விரித்தால் ஹாலில் வேறு எதுவும் சத்தம் போட வேண்டியதில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜைக்குக் கீழே மட்டும் எந்த விரிப்பும் வேண்டாம். படத்தில் நன்றாக இருக்கும், பருக்கை பொறுக்குவது யார்?

சோபாவுக்கு ரெக்சினும் செயற்கைத் தோலும் வேண்டவே வேண்டாம் என்று நின்றேன். இந்த ஈரக் காற்றில் செயற்கைத் தோல் சில வருடங்களில் பொருக்குப் பொருக்காக உரியும், அதற்குள் முதுகு வியர்த்து நாமே உரிந்திருப்போம். ஜிப் வைத்த பருத்தி உறை, கழற்றித் துவைக்கிற மாதிரி. டைனிங் நாற்காலி மெத்தைக்கும் அதேதான். மஞ்சள் கறை பட்டால் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, வெளுத்துவிடும். அதே வெயில் திரைச்சீலையையும் வெளுக்கும் என்பதால் மேற்கு ஜன்னலுக்கு மட்டும் பின்பக்கம் லைனிங் துணி வைத்துத் தைக்கச் சொன்னோம். கம்பியை ஜன்னலுக்கு நேர்மேலே மாட்டாமல் சீலிங்குக்குப் பக்கத்தில் மாட்டித் திரையைத் தரை வரைக்கும் விட்டோம், ஹால் உயரமாகத் தெரிகிறது. அப்புறம், நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடு என்றால் ஒரே ஆள் தள்ளி நகர்த்தக்கூடிய சோபாவாகப் பார்த்து வாங்குங்கள். எல் வடிவத்தில் ஒரு பூதத்தை இறக்கிவிட்டால் படி கட்ட இடம் இருக்காது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பரணிலிருந்து ஷேட் கார்டு இறங்கியது. அதற்குள் தேர்வு தானாகவே சுருங்கிவிட்டிருந்தது: மஞ்சள் ஓடும் தரை, செங்கல் நிற சோபா உறை, மேற்கு வெயில். அத்தை விரல் வைத்த அதே சந்தனம்தான் வந்து நின்றது, ஆனால் கார்டில் அதற்கு இரண்டு கட்டம் மேலே இருந்த வெளிர் நிறம். நான்கு சுவரும் ஒன்றின்மேல் ஒன்று நிறத்தை எறிந்துகொள்வதால் கார்டில் மென்மையாக இருப்பது ஹாலில் அடர்ந்துவிடும். டைனிங்கில் மேஜை ஒட்டிய சுவருக்கு மட்டும் ஒரு காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் அதன் அரக்குச் சிவப்பைக் கலக்கச் சொன்னேன். கடைக்காரர் சேலையைக் கவுண்டரில் விரித்ததும், பெயிண்ட் வாங்க வந்திருந்த இன்னொரு அம்மா விலை கேட்டார். டிவி இருக்கும் சுவருக்கு மகளின் சாம்பலையே, நல்ல அடர்த்தியாக. டிவி அணைந்திருக்கும்போது அந்தக் கறுப்புச் சதுரம் துருத்திக்கொண்டு நிற்காது, அவளுக்கும் மனக்குறை இல்லை.

வாங்குவதற்கு முன் சின்ன டப்பா ஒன்றை வாங்கிச் சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, சுவர் சுவராக ஒட்டிக் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் மூன்றிலும் பாருங்கள். நேராகப் பழைய சுவரில் பட்டை பட்டையாக அடித்துப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் இருந்துகொண்டு கண்ணை ஏமாற்றும்.

நிறத்தைவிடப் பளபளப்புதான் அன்றாடம் நம்மைப் படுத்துவது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேட் பூச்சு சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும், ஆனால் கறையைத் தேய்த்தால் தேய்த்த இடம் தனியாகத் தெரியும். ஷீன் உள்ளது கழுவ வசதி, ஆனால் பட்டி பார்த்ததில் உள்ள ஒவ்வொரு அலையையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்டும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைச் சுவரில் சாய்த்து உட்காரும் பழக்கம் உள்ள குடும்பத்துக்கு மேட் ஆகாது. பழைய வீடுகளில் மூன்று நான்கு அடி உயரம் வரை ஆயில் பெயிண்ட், அதற்கு மேலே சுண்ணாம்பு என்று இரண்டு நிறத்தில் இருக்குமே, அது அலங்காரம் மட்டும் இல்லை, அந்த எண்ணெய்த் தலைகளுக்கும் பிள்ளைகளின் கைகளுக்கும் போட்ட வேலி. நாங்கள் ஹாலுக்கு மெல்லிய ஷீன், சீலிங்குக்கு மேட் வெள்ளை. சாமி அலமாரிக்குப் பின்னால் மட்டும் விளக்குப் புகை படியும் என்பதால் டைல்ஸ் ஒட்டிவிட்டோம்.

பாத்ரூமை ஒட்டிய சுவரில் உப்புப் பூத்து ஓதம் ஏறியிருந்தது. "மேல பட்டி பார்த்து அடிச்சுடலாம் மேடம், தெரியாது" என்றார் பெயிண்டர். தெரியாதுதான், ஆறு மாதத்துக்கு. முதலில் குழாய்க் கசிவைச் சரிசெய்து, பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டுத்தான் அந்தச் சுவரைத் தொட வேண்டும். இதற்காகவே ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் ஆளும் கிடைக்காது.

அளவை நீங்களே போட்டுப் பார்ப்பது நல்லது. 22க்கு 11 அடி இடம் என்றால் சுற்றளவு 66 அடி, பத்தடி உயரத்துக்கு 660 சதுர அடி, கதவு ஜன்னலுக்கு 100 கழித்தால் 560. பட்டி பார்த்த சுவரில் நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 130 சதுர அடி போகும், ஆக நான்கரை லிட்டர்கூட ஆகாது. அரைகுறையாக வாங்கி, தீர்ந்த பிறகு மறுபடி கலக்கினால் நிறம் மயிரிழை மாறும், நடுச்சுவரில் அது தெரியும். கலந்த பெயிண்டைக் கடையில் திருப்பியும் எடுக்க மாட்டார்கள். அதனால் ஒரே தடவையில் 5 லிட்டர் வாங்கி, மூடியில் ஒட்டியிருக்கும் நிற எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் காற்றுப் புகாமல் ஒரு சின்ன டப்பாவில் அடைத்து வையுங்கள். எங்களுக்கு அது முதல் கொலுவிலேயே தேவைப்பட்டது, படி இடித்து அரக்குச் சுவரில் ஒரு கீறல்.