எம்டெக் நுழைவுத்தேர்வு கேட் (GATE) மறுபடியும் எழுதலாமா?

ரிசல்ட் வந்ததுல இருந்து இதே நெனப்புதானுங்க. சிவில் பேப்பர்ல 41 மார்க்கு, குவாலிஃபை ஆயாச்சு, ஆனா ஸ்ட்ரக்சுரல் எம்டெக்குக்கு சென்னை ஐஐடி வேணும்னா இது பத்தாது. கோயமுத்தூர்ல சைட் வேலையும் கையில இருக்குது, அத வுட்டுட்டு படிக்கறதா, வேலையோட படிக்கறதா?

நேத்து நைட்டு ரெஸ்பான்ஸ் ஷீட்டையும் ஆன்சர் கீயையும் பக்கத்துல வெச்சு ஒவ்வொண்ணா பாத்தேன். ரெண்டு மார்க் எம்சிக்யூ, அதாவது ஆப்ஷன்ல ஒண்ணத் தேர்ந்தெடுக்கற கேள்வி, தப்பானா 2/3 மார்க் போயிருமே, அந்த பயத்துல விடைய நம்பரா நாமளே போடற நியூமெரிக்கல் கேள்வி அஞ்சையும் சேத்து தொடாம வுட்டுருக்கேன், அதுக்கு நெகட்டிவ் மார்க்கே கிடையாதுங்க! பொதுத்திறன் பகுதி ஆப்டிட்யூட் 15 மார்க்ல வெறும் 6. மனசு ரொம்ப வலிச்சிருச்சு, தெரியாம போன மார்க்கில்ல இது.

எங்கூடு சோமனூர் பக்கம். தறிச்சத்தத்துலதான் படிச்சேன், நோட்டத் தொறந்தா பக்கத்துக்குப் பக்கம் பஞ்சு ஒட்டியிருக்கும். அப்பா தறியில நூல் தார் மாத்திக்கிட்டே, "எழுதறதுன்னா எழுது கண்ணு, காசப்பத்தி நீ நெனைக்காத"ன்னு சொன்னாரு, இப்ப நூல் வெல விக்கற வெலைக்கு அவரு அப்படி சொல்றது எனக்கு எவ்வளவு பெருசுன்னு சொல்லத் தெரியல.

ஸ்கோர் 3 வருசம் செல்லும், அதனால அடுத்த தடவ கொறஞ்சாலும் இது இருக்குது. சீட்டு கெடச்சா மாசம் 12,400 ரூவா ஸ்டைபண்டும் வரும், ஊட்டுல கேக்க வேண்டியதில்ல. வேலைய வுடல, காலைல 4 மணிக்கு எந்திரிச்சு படிக்கறேன். எழுதறேனுங்க. மொதல்ல ஆப்டிட்யூட்.