அதே 24 சொற்கள், வேறு முகவரி

மூன்றாவது தடவையும் பின் எண்ணைத் தப்பாக அழுத்தினேன். கருவி தன்னையே துடைத்துக்கொண்டு, இப்போதுதான் கடையிலிருந்து வந்தது போல வணக்கம் சொன்னது. கிரிப்டோ நாணயங்களுக்கான ரகசியச் சாவிகளை வைத்துக்கொள்ளும், பென்டிரைவ் அளவுள்ள வன்பொருள் வாலெட் அது. மூன்று முறை பின் எண் தவறினால் உள்ளே இருக்கும் சாவிகளை அழித்துவிடும். திருடன் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்த ஏற்பாடு. மூன்று வருடம் தொடாமல் வைத்திருந்து எண்ணை மறந்துபோன சொந்தக்காரிக்கும் அதே கதிதான்.

எல்லாம் ஒரு மின்னஞ்சலில் ஆரம்பித்தது. 2021இல் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில், வீட்டிலிருந்தே செய்யும் மென்பொருள் சோதனை வேலை கிடைத்தது. சம்பளத்தோடு அவர்களுடைய டோக்கனும், அதாவது அவர்கள் வெளியிட்ட கிரிப்டோ நாணயமும், கொஞ்சம் தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தது. முதல் ஒரு வருடம் ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு மாதாமாதம் நம் கணக்கில் ஏறி, நான்கு வருடத்தில் முழுதாகும். கணக்கில் ஏறுவது வேறு, கைக்கு வருவது வேறு. அவர்களுடைய பக்கத்துக்குப் போய், வாலெட்டை இணைத்து, 'கிளெய்ம்' பொத்தானை அழுத்தினால்தான் நமக்கு வரும். நான் ஒருமுறைகூட அழுத்தவில்லை, சேரட்டும் என்று விட்டுவிட்டேன். வேலையை விட்டுச் சில மாதம் கழித்து, அந்தப் பக்கத்தை மூடப்போகிறோம், 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். அப்பா இங்கே ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் செக்ரோல் (ஆள் கணக்கு) எழுதிய காலத்தில் கித்தா (ரப்பர்) மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. 'டோக்கன் கிராண்ட்' என்று நான் தொலைபேசியில் யாரிடமோ சொன்னதைக் கேட்டுவிட்டு, "எந்த நிலத்துக்கும்மா கிராண்ட்?" என்றார். இந்த ஊரில் கிராண்ட் என்றால் நிலப்பட்டா, அவர் மேல் தப்பில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று, தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பத்து பத்து வெள்ளியாக (ரிங்கிட்) கட்டிப் பங்கு வாங்கினாரே, அந்த மாதிரி என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு ஒரு தோட்டம் இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

சரி, கருவி அழிந்தால் என்ன, சாவிகளைத் திரும்ப உருவாக்கும் 24 சொற்கள் எழுதிய தாள் இருக்கிறதே. மைலோ டின்னில், வீட்டு கிராண்டுக்கும் அம்மாவின் பிறப்புப் பத்திரத்துக்கும் நடுவில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் ஈரம் ஏறியிருந்தது. ஜெல் பேனாவால் எழுதியது யார் குற்றம்? பதினேழாவது சொல்லின் பின்பாதி நீலக் கறையாகப் படர்ந்துவிட்டது. முதல் நான்கு எழுத்துகள் மட்டும் தெரிந்தன.

இங்கேதான் முதல் நல்ல செய்தி. இந்தச் சொற்கள் கண்டபடி பொறுக்கியவை அல்ல. 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருபவை. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்கக் கூடாது என்று பார்த்துத்தான் அந்தப் பட்டியலைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே நான்கு எழுத்து தெரிந்தால் முழுச் சொல்லும் தெரிந்த மாதிரிதான். கருவியில் அந்த எழுத்துகளை உள்ளிட்டதும் ஒரே ஒரு சொல் வந்து நின்றது. கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பும் ஒளிந்திருக்கிறது. 24இல் ஏதாவது ஒன்று மாறியிருந்தால், 256க்கு ஒரு தடவை தற்செயலாகத் தப்பித்தாலொழிய, கருவி ஏற்றுக்கொள்ளாது. என்னுடையதை ஏற்றுக்கொண்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, உலாவியில் ஓடும் வாலெட் செயலியான மெட்டாமாஸ்க்கைத் திறந்து கருவியை இணைத்தேன். வந்த முகவரியை (இங்கே கணக்கு எண் மாதிரி) நிறுவனத்தின் பக்கத்தில் காட்டினால், இந்த முகவரிக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை என்றது. 2022இல் நான் அவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலைத் தோண்டி எடுத்தேன். அதில் கொடுத்த முகவரி வேறு. எல்லா முகவரிக்கும் பொதுவான 0xஐத் தாண்டினால், முதல் எழுத்தும் வேறு, கடைசி எழுத்தும் வேறு. 24 சொல்லும் சரி, கருவியும் சரி, ஆனால் இது என் வீடு இல்லை.

அந்த இரண்டு நாளில் நான் செய்த அசட்டுத்தனங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த டோக்கன் வைத்திருப்பவர்களின் டெலிகிராம் குழுவில் என் கதையை எழுதினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவர் தனியாக வந்து, தான் உதவிப் பிரிவு என்றார். நிறுவனத்தின் சின்னம், மரியாதையான பேச்சு, எல்லாம் இருந்தது. வாலெட் 'ஒத்திசைவு' இழந்துவிட்டது, இந்தப் பக்கத்தில் சரி செய்துகொள்ளுங்கள் என்று ஒரு சுட்டி கொடுத்தார். திறந்தால் 24 கட்டங்கள். நான் ஐந்து சொல் தட்டிவிட்டேன். அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டு, இடி இடித்து, கரண்ட் போய், இணையமும் போனது. எங்கள் ஊரில் மாலை மழைக்கு இது வழக்கம்தான். இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: அந்த 24 சொல்லைக் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் திருடன். நிறுவனம் கேட்காது, வாலெட் செய்தவர்கள் கேட்கமாட்டார்கள், கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது. கருவியின் சொந்தப் பொத்தான்களைத் தவிர வேறு எங்கும் அதைத் தட்டக் கூடாது. இதை நான் வேலை இடத்தில் மற்றவர்களுக்குச் சொல்லியே கொடுத்திருக்கிறேன்! கரண்ட் வந்ததும் அந்த ஆளைத் தடுத்துவிட்டு, நிறுவனத்தின் பழைய மனிதவள முகவரிக்கே எழுதினேன்.

அவர்கள் பதில் நேர்மையாகத்தான் இருந்தது. ஒதுக்கீடு, வலையில் தானாக இயங்கும் ஒப்பந்த நிரலுக்குள் முகவரியோடு பதிந்திருக்கிறது. வேறு முகவரிக்கு மாற்றலாம், ஆனால் பழைய முகவரியால் ஒரு செய்தியில் கையெழுத்திட்டு அது என்னுடையதுதான் என்று காட்ட வேண்டும். அது முடிந்தால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன்?

வாலெட் என்ற பெயரே நம்மைக் குழப்புகிறது. அதற்குள் டோக்கன் ஒன்றும் இல்லை. 24 சொற்களும் ஒரு வேர், அந்த வேரிலிருந்து எத்தனை சாவி வேண்டுமானாலும் முளைக்கும், ஒவ்வொரு சாவிக்கும் ஒரு முகவரி. எந்தக் கிளை வழியாகப் போனால் எந்தச் சாவி என்பதற்கு ஒரு பாதை உண்டு. 44, 60 என்று தொடங்கும் எண் வரிசை. 60 என்பது ஈத்தீரியம் என்ற கிரிப்டோ வலைக்குக் கொடுத்த எண். அதற்குப் பிறகு வரும் எண்களை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக அடுக்குகிறது. லெட்ஜர் கருவிகளுக்கான செயலியான லெட்ஜர் லைவ் ஒரு விதம், மெட்டாமாஸ்க் தனக்கென்று ஒரு விதம், மைஈதர்வாலெட் என்ற பழைய வாலெட் காலத்து முறை இன்னொரு விதம். முதல் கணக்கை மட்டும் பார்த்தால் முதல் இரண்டும் ஒரே முகவரியைத்தான் கொடுக்கும், அதனால் பலருக்கு இந்தச் சிக்கலே தெரியாது. மூன்றாவது முறை முதல் கணக்கிலேயே விலகிப் போய்விடும்.

மெட்டாமாஸ்க்கில் வன்பொருள் கருவியை இணைக்கும்போது முகவரிப் பட்டியலுக்கு மேலே சின்னதாக ஒரு தேர்வுப் பெட்டி வரும். நான் அதைப் பார்த்ததே இல்லை, பார்த்தாலும் தொட்டதில்லை. அதில் மூன்று பெயர். அவற்றில் ஒன்று 'லெகசி', அந்தப் பழைய மைஈதர்வாலெட் முறை. அழுத்தினேன். ஐந்து முகவரிகள் வந்தன. முதலாவது முகவரியின் கடைசி நான்கு எழுத்தை மின்னஞ்சலோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றேதான். இன்னொரு தடவை ஒப்பிட்டேன். அப்புறம் 42 எழுத்தையும் அப்பாவைப் படிக்கச் சொல்லி நான் சரிபார்த்தேன். அவர் சம்பள நாளில் பெயர் கூப்பிடுவது போலவே நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

2022இல் ஏன் அந்தப் பாதையில் போனேன்? அநேகமாக ஏதோ பழைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்திருப்பேன். எங்கும் எழுதி வைக்கவில்லை. 24 சொல்லை எழுதினேன், எந்த வழியாகத் திறந்தேன் என்று ஒரு வரி எழுதவில்லை.

இனி பொத்தானை அழுத்த வேண்டியதுதானே பாக்கி என்று நினைத்தேன். அழுத்தினேன், கட்டணத்துக்குப் பணம் இல்லை என்றது. டோக்கன் இருப்பது, ஈத்தீரியத்தின் மேல் இயங்கும் ஆர்பிட்ரம் வலையில். அங்கே எது செய்தாலும் கட்டணத்தை ஈத்தீரியத்தின் நாணயமான ஈதரில் கட்ட வேண்டும், என் முகவரியில் ஒரு துளி ஈதர் கிடையாது. மலேசியாவின் செக்யூரிட்டீஸ் கமிஷனில் பதிவு பெற்ற பரிமாற்றகம் ஒன்றில் 150 வெள்ளிக்கு ஈதர் வாங்கி என் முகவரிக்கு அனுப்பினேன். வந்து சேர்ந்ததாகச் செய்தி வந்தது. ஆர்பிட்ரமில் பார்த்தால் இன்னும் சுழி.

நான் அனுப்பியது ஈத்தீரியத்தின் முதன்மை வலைக்கு. முகவரி ஒன்றுதான், வலை வேறு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோட்டத்தின் ஒரு பிரிவான மேல் டிவிசனிலும் 14ஆம் நம்பர் வீடு உண்டு, கீழ் டிவிசனிலும் 14ஆம் நம்பர் வீடு உண்டு. கடிதத்தில் டிவிசன் எழுதாவிட்டால் தபால் எங்கேயோ போய்விடும். இதில் ஒரே ஆறுதல், இரண்டு வீட்டுக்கும் சாவி என்னிடமே இருந்தது. ஆகவே ஈதர் தொலையவில்லை, ஆர்பிட்ரமின் அதிகாரப்பூர்வப் பாலம் வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோனால் போதும். போவதற்குக் கால் மணி நேரம் ஆகும். திரும்பி வர அதே பாலத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், அதனால் அவசரத்துக்கு உதவாது.

பாலத்தில் கால் வைத்ததும் கருவி மறித்தது. இந்தப் பரிவர்த்தனையின் உள்ளடக்கத்தை முழுதாகக் காட்ட முடியாது, 'பிளைண்ட் சைனிங்' வசதியைத் திறந்தால்தான் கையெழுத்திட முடியும் என்றது. அப்பா கேட்டார், அப்படியென்றால் என்ன? படிக்காமல் கையெழுத்துப் போடுவது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கிய தாள்களை எத்தனையோ பார்த்தவர். "கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறதுக்கு ஒரு பேரும் வச்சிருக்காங்களா?" என்றார்.

அவர் சொன்னது என்னைச் சுட்டதால் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தேன். பாலத்தின் முகவரியைத் தேடுபொறி விளம்பரம் வழியாகப் போகாமல், ஆர்பிட்ரமின் சொந்த ஆவணத்திலிருந்து எடுத்தேன். கிளெய்ம் ஒப்பந்தத்தின் முகவரி நிறுவனத்தின் பழைய மின்னஞ்சலில் இருந்தது. ஆர்பிட்ரம் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக் காட்டும் ஆர்பிஸ்கேன் தளத்தில் அதைத் திறந்து, மற்ற ஊழியர்களுக்கு அதிலிருந்துதான் டோக்கன் போயிருக்கிறதா என்று பார்த்தேன். போயிருந்தது. அப்புறம்தான் அந்த வசதியைத் திறந்தேன். ஈதரைப் பாலம் கடத்தி, கிளெய்ம் செய்து, கையோடு மூடிவிட்டேன். கிளெய்ம் கட்டணம் சில காசுகளுக்குள் முடிந்தது. முதன்மை வலையில் பாலம் ஏறுவதற்குத்தான் வெள்ளிக் கணக்கில் போனது.

வெற்றி என்று பச்சை நிறத்தில் வந்தது. மெட்டாமாஸ்க்கில் டோக்கனைக் காணோம். இந்தத் தடவை நான் பதறவில்லை. ஆர்பிஸ்கேனில் என் முகவரியைப் போட்டுப் பார்த்தேன், டோக்கன் உட்கார்ந்திருந்தது. மெட்டாமாஸ்க்குக்கு எல்லா டோக்கனும் தெரியாது, ஒப்பந்த முகவரியைக் கொடுத்து நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்தேன், தெரிந்தது. இந்த முகவரியையும் நிறுவனத்தின் ஆவணத்திலிருந்து எடுங்கள், ஏனென்றால் அதே பெயரில் போலி டோக்கன்களும் சுற்றுகின்றன.

எவ்வளவு கிடைத்தது என்று அம்மா கேட்டார். வேலைக்குச் சேர்ந்தபோது அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு மைவி கார் வாங்கியிருக்கலாம். இப்போதைய விலைக்கு அதன் நான்கு டயரையும் மாற்றலாம், கொஞ்சம் மீதியும் இருக்கும். அம்மா, "டயரும் தேய்ஞ்சுதான் கிடக்கு" என்றார். இது வேலைக்காகக் கிடைத்தது என்பதால் வருமான வரிக் கணக்கில் காட்டுவதற்கு, கிளெய்ம் செய்த தேதியையும் அன்றைய வெள்ளி மதிப்பையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். ஐந்து சொல்லைக் கண்டவன் பக்கத்தில் தட்டியிருந்தேன் அல்லவா, அதனால் புதிய 24 சொற்களை உருவாக்கி, டோக்கனை அந்தப் புதிய முகவரிக்கு மாற்றிய பிறகுதான் மனம் அமைதியானது.

இந்த முறை ஜெல் பேனா இல்லை, பென்சில். சொற்கள் தனித் தாளில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், டின்னில். மற்ற விவரத்துக்கு அப்பா தன் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். ஸ்கேல் வைத்து அவரே கோடு போட்டார். தேதி, முகவரி, பாதை, எந்தக் கருவி என்று நான்கு கட்டம். முடித்துவிட்டு, "டிவிசனுக்கு ஒரு கட்டம் வேணாமா?" என்று கேட்டு, ஓரத்தில் ஐந்தாவதாக ஒன்று இழுத்தார்.