தொட்டிச் சூரியகாந்தி: தெளிப்பை விட்டேன், வேரில் ஊற்றினேன், குட்டையானது

கடைசியில் சூரியகாந்தி என் பேச்சைக் கேட்டுவிட்டது. 15 செ.மீ. தொட்டியில், கொய்மலருக்கான ஒற்றைத் தண்டு ரகம். நிலத்தில் விட்டால் ஒன்றரை மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். செடியைக் குட்டையாக்கும் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்தை ஊற்றிய செடிகள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே மொட்டு வைத்திருக்கின்றன. பக்கத்தில் மருந்தில்லாமல் விட்டவை குச்சிக்குக் கட்டப்பட்டும் சாய்ந்துகொண்டிருக்கின்றன.

‘குட்டை ரகம்தான் இருக்கிறதே, டெடி பேர் வாங்கிப் போடலாமே’ என்பார்கள். அது பந்து போல அடுக்கடுக்காகப் பூக்கும் ரகம். எனக்கு வேண்டியது நடுவில் கறுத்த வட்டு தெரியும் ஒற்றையடுக்குப் பூ. அதைத் தொட்டியில் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இதற்கு முன்னால் தெளிப்பில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். டாமினோசைடு என்ற இன்னொரு குட்டையாக்கும் மருந்து இலைவழியே மட்டும் வேலை செய்யும், மண்ணில் ஊற்றிப் பயனில்லை. தெளித்தால் கொஞ்சம் அடங்கும், அப்புறம் பழையபடி ஓட ஆரம்பிக்கும். திரும்பத் திரும்பத் தெளிக்கப் பொறுமை வேண்டும். பேக்லோபியூட்ரசாலைத் தெளித்தாலோ ஒரு செடி குட்டை, அடுத்தது நெட்டை. இந்த மருந்து தண்டு வழியாகவும் வேர் வழியாகவும்தான் உள்ளே போகிறது, நீரோடு மேல்நோக்கி மட்டுமே நகர்கிறது. இலையில் விழுந்தது இலையிலேயே கிடக்கும், தண்டுக்கு இறங்கி வராது. சூரியகாந்தி இலையோ தண்டுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாசிலை எப்படித் திருப்பினாலும் தண்டு நனைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

சரி, வேரில் ஊற்றுவோம் என்று இறங்கினால் மொத்தத் தலைவலியும் அளவில் வந்து நிற்கிறது. பழ மரங்களுக்காக விற்கும் புட்டியில் லிட்டருக்கு 250 கிராம் மருந்து. லேபிளில் இருப்பதெல்லாம் மரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு, தொட்டிக்காரனுக்கு ஒரு வரி கிடையாது. எனக்குத் தேவை தொட்டிக்கு 2 மில்லிகிராம். அதாவது 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) கரைசலில் 100 மி.லி. நேரடியாகக் கலக்க வேண்டுமென்றால் லிட்டர் தண்ணீருக்குப் புட்டி மருந்து 0.08 மி.லி. எந்த சிரிஞ்சில் அளப்பது?

அதனால் இரண்டு கட்டமாகக் கலந்தேன். முதலில் 1 மி.லி. மருந்தை எடுத்து, மொத்தம் 1 லிட்டர் வரும்படி தண்ணீர் சேர்த்தேன். அது 250 பிபிஎம் தாய்க்கரைசல். அதிலிருந்து 80 மி.லி. எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் 20 பிபிஎம். பத்துத் தொட்டிக்குச் சரியாக இருக்கும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். இந்த மருந்து தண்ணீரில் கரைய அவ்வளவு மறுக்கும். லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வாக்கில்தான் கரையும். ஆகவே புட்டியில் இருப்பதும் தாய்க்கரைசலில் இருப்பதும் கரைந்த மருந்தல்ல, மிதக்கும் துகள். ஐந்து நிமிடம் சும்மா வைத்தாலே அடியில் மங்கலாக ஒரு படலம் சேர்கிறது. ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் குலுக்க வேண்டும், குலுக்கிய கையோடு எடுக்க வேண்டும். குலுக்காமல் மேலாக எடுத்தால் பாதி மருந்து அடியில் தங்கிவிடும். அலங்காரச் செடிகளுக்கென்றே லிட்டருக்கு 4 கிராம் கொண்ட திரவமும் வருகிறது. அது கிடைத்தால் லிட்டருக்கு 5 மி.லி., வேலை முடிந்தது.

ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். தொட்டியில் உள்ள மண் கலவை காய்ந்திருந்தால் கரைசல் ஓரமாக இறங்கி அடித்துளை வழியே ஓடிவிடும். சொதசொதவென்று இருந்தாலும் அதே கதைதான். முந்தின மாலை நீர் விட்டு, காலையில் தொட்டியின் எடை பாதி குறைந்த மாதிரி கைக்குத் தெரியும்போது ஊற்றினேன். தண்டைச் சுற்றி வட்டமாக, மெதுவாக. தட்டில் ஒழுகினால் அந்தத் தொட்டியின் கணக்கு போச்சு. பிபிஎம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை மி.லி. ஊற்றினாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதே 20 பிபிஎம்மில் 50 மி.லி. ஊற்றினால் செடிக்குப் போவது பாதி மருந்துதான்.

மூன்றாவது ஜோடி இலை விரியும் பருவத்தில் ஊற்றினேன். முதலில் மாறுவது உயரமல்ல, நிறம். புது இலைகள் கரும்பச்சையாக, கொஞ்சம் தடித்து வந்தன. அப்புறம்தான் கணுவிடை, அதாவது தண்டில் இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள நீளம், குறுகியது. செடியை நீள வைக்கும் ஹார்மோனான ஜிப்ரலினின் உற்பத்தியைத்தான் மருந்து தடுக்கிறது. செல்கள் பிரிவது அப்படியே நடக்கும், நீள்வதுதான் நிற்கும். அதனால் இலை எண்ணிக்கையில் இரண்டு பக்கமும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அளவு கூடிப்போய்ச் செடி கல்லாகி நின்றால் ஜிப்ரலிக் அமிலம் தெளித்து ஓரளவு மீட்கலாம். புட்டி கைவசம் இருக்கிறது, தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பு. இந்தத் தொட்டிகளின் விதையை யாரும் கொறிக்க வேண்டாம். டாமினோசைடும் அப்படித்தான், 1989-இல் அமெரிக்காவில் உணவுப் பயிர்களிலிருந்து விலக்கப்பட்ட சரக்கு அது. பேக்லோபியூட்ரசால் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் பழைய கலவையில் நாற்று போடுவதும் கூடாது. தனிச் சாக்கில் கட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்து மரப்பட்டைத் துண்டு கலந்த கலவையில் பார்க்க வேண்டும். பட்டை மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், 2 மில்லிகிராம் அங்கே போதாது. தென்னை நார்க்கழிவில் 1 மில்லிகிராமே போதுமா என்பதும் பாக்கி. மருந்தே இல்லாமல், பகலைக் குறைத்துக் கறுப்புத் துணி மூடி வளர்க்கலாம் என்றும் ஒரு யோசனை. குறும்பகலில் சில ரகங்கள் சீக்கிரம் பூத்துக் குட்டையாகவே நின்றுவிடும். ஆனால் தினமும் மாலை துணி போடுவது யார்?

இப்போதைக்கு மொட்டுக்குக் கீழே உள்ள கழுத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். மருந்தின் பிடி தளர்ந்தால் முதலில் நீள்வது அதுதான். இதழ் விரிந்ததும் இரண்டு வரிசையின் அளவையும் போடுகிறேன்.